காலிச் சிலிண்டர் இரவல் தந்தவர்களுக்கு

அன்பான கொழும்பு கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, ஆமர் வீதி உறவுகளுக்கு,

2022 பொருளாதார நெருக்கடியில் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களைப் பற்றி நாம் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டியாயிற்று. முதலில், மண்டபத்தில் இடமில்லாமல் வாசலில் நின்றபடியே 52 நிமிடமும் பார்த்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கதிரை இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம். இவ்வளவு பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை.

கடைசியில் பெயர்கள் ஓடியபோது பாதிப் பேர் எழும்பிப் போய்விட்டீர்கள். சரி, பிழையில்லை, அங்கே பெயரும் வேலையும் மட்டும்தான் இருந்தன. நீங்கள் உண்மையில் செய்த வேலையை அந்தப் பட்டியலில் எப்படிப் போடுவது? நான் எழுதிக் கொண்டுவந்த கதையைப் பார்த்து "அது அப்படியில்லை" என்று சொன்னீர்கள். ஒருவரல்ல, கிட்டத்தட்ட எல்லோருமே.

2022 இல் எட்டு வயதான ஒரு பையன். அப்பா த்ரீவீல் ஓட்டுகிறார், அம்மா தைக்கிறார், அக்கா பத்தாம் வகுப்பு, ஒரு பாட்டி. இவ்வளவுதான் கதை. அந்த வருஷம் நான் மாதச் சம்பளக்காரன். பெற்றோலுக்கு வரிசையில் நின்றேன், சாப்பாட்டுக்கு யோசிக்கவில்லை. அதனாலோ என்னவோ, நான் எழுதிய முதல் பிரதியில் எல்லோரும் பக்கத்துக்குப் பக்கம் அழுதார்கள்.

அதை வாசித்துவிட்டு, "எல்லாரும் அழுதுகிட்டே இருந்தா யார் தம்பி சமைக்கிறது?" என்று கேட்ட தையல்கார அக்காவுக்குத்தான் என் முதல் நன்றி. பால்மா காட்சி அவர் தந்தது. 400 கிராம் பக்கெட் 790 ரூபாவுக்கு ஏறிய நாட்களைப் பற்றிக் கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே போய், முடிந்துபோன பக்கெட் ஒன்றை எடுத்து வந்தார். துணி வெட்டும் கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்கி, வாழை இலை விரிப்பதுபோல் விரித்தார். உள்பக்கத்தில் ஒட்டியிருந்த மாவில் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு விரலால் வழித்தார். அந்தத் தண்ணீரைச் சாயத் தேநீரில் ஊற்றி, "பிள்ளைங்களுக்கு இது பால் டீ" என்றார். நடிகைக்கு அந்த விரல் அசைவு எத்தனை தடவை செய்தும் வரவில்லை. படத்தில் நீங்கள் பார்க்கும் கை அக்காவுடையதுதான்.

அடுத்தது, தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான குடியிருப்புப் பையன்களுக்கு. காஸ் வரிசையில் பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதாக நான் எழுதியிருந்தேன். இப்போது பன்னிரண்டு வயதாகும் ஒருவன் சிரித்தேவிட்டான். "ஸ்கூல் இல்லை, டியூஷன் இல்லை, சிலிண்டர்தான் விக்கெட். நாங்க நல்லா விளையாடினோம் அண்ணா." இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு கிழமை பிடித்தது. பெரியவர்கள் பட்ட பாட்டைக் கொச்சைப்படுத்துவதாகிவிடுமோ என்ற பயம். பிறகு, ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதி முடித்த தங்கச்சி ஒருவர் தன் கதையைச் சொன்னார். அந்த மார்ச்சில் கடுதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் 9, 10, 11ஆம் வகுப்புகளின் தவணைப் பரீட்சை தள்ளிப்போன செய்தி வந்த இரவு, அவர் கட்டிலில் ஏறிக் குதித்தாராம். குதித்ததில் சட்டம் ஒன்று உடைந்து, அம்மாவிடம் அடியும் வாங்கினாராம். படத்தில் அக்கா கட்டிலை உடைப்பது அப்படி வந்தது. மண்டபத்தில் அதிகம் சிரிப்பு எழுந்ததும் அந்த இடத்தில்தான்.

பாட்டியாக நடித்தவருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும் ஒத்திகை நாளில் ஒரு சண்டை. 1974 இல் விடியுமுன்னே பாண் கியூவில் நின்று, மரவள்ளிக்கிழங்கில் வயிற்றைக் கழுவியதுதான் பெரிய கஷ்டம் என்று ஒருவர். அப்போது விறகாவது இருந்தது, மாடி வீட்டில் காஸ் இல்லாமல் எதில் அவிப்பது என்று மற்றவர். கெமராவைப் போட்டுவிட்டு நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

த்ரீவீல் தந்த அண்ணனை மறக்க முடியாது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்த ஜூலையில் த்ரீவீலுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர்தானே கொடுத்தார்கள், அந்தக் கணக்கையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர். வரிசையில் தூங்கும் அப்பாவாக அவரே நடித்தார். "நடிக்கத் தெரியாது, தூங்கத் தெரியும்" என்றார். உண்மையிலேயே தூங்கிவிட்டார், குறட்டைச் சத்தம் படத்தில் இருக்கிறது. சிங்கள உபதலைப்பை ஒரு சதமும் வாங்காமல் எழுதித் தந்த மேல்மாடி அன்ரிக்கும் என் நன்றி. பணம் தருவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் கையை விரித்தவர்களும் உண்டு. அதை விடுவோம்.

காஸ் கடை முதலாளி, ஒரு ஞாயிற்றுக்கிழமை 43 காலிச் சிலிண்டர்களை நம்பித் தந்தார். திங்கள் காலை லொறி வருமுன் ஒன்றுகூடக் குறையாமல் திரும்ப வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. நாங்கள் சிலிண்டர்களில் சோக்கால் எண் எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், சோக்கை வாங்கி அழித்து எழுதத் தொடங்கினார். எண்ணோடு வீட்டு இலக்கமும் வேண்டுமாம். கைபிடிகளுக்குள்ளால் சங்கிலி கோத்துப் பூட்டுப் போட்டதும் அவர்தான். 2,675 ரூபாவாக இருந்த பெரிய சிலிண்டர் அந்த ஏப்ரலில் 4,860 ஆன பிறகும் கடைக்கு முன்னால் வரிசை குறையவில்லை, அதனால் இரவில் பூட்டாமல் விட மாட்டார்கள் என்று விளக்கினார்.

அன்று காலை ஏழு மணியிருக்கும். ஒழுங்கையில் 43 சிலிண்டர்களும் வரிசையாக நின்றன, ஆட்கள் இன்னும் வரவில்லை. ஒரு வயதான அம்மா, வீட்டிலிருந்து தன் சிலிண்டரைத் தரையில் உருட்டிக்கொண்டு வந்து 44ஆவதாக நிறுத்தினார். "மறுபடியும் தொடங்கிட்டாங்களா மகன்?" என்று கேட்டார்.

இது படப்பிடிப்பு, காஸ் தாராளமாகக் கிடைக்கிறது, கடை திறந்துதான் இருக்கிறது என்று மூன்று பேர் மாறி மாறிச் சொன்னோம். தலையை ஆட்டிக் கேட்டார். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

"சரி மகன், நீங்க எடுங்க. நான் எதுக்கும் நிக்கிறேன்."

மகளிடமும் அவரிடமும் கேட்டுத்தான் அந்தக் காட்சியைப் படத்தில் வைத்தோம். கால் வலியால் அவர் மண்டபத்துக்கு வரவில்லை. வருகிற சனிக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறோம். அன்று வாசலில் நின்றவர்களும் வரலாம், கதிரை மட்டும் கொண்டு வாருங்கள்.