2 ரூபாய்க்கு எந்த ஸ்டாப்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன வாரம் கணக்குத் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ‘எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 5 எக்ஸ் பிளஸ் 6’ என்று ஒரு சார்பைக் கொடுத்து, எக்ஸுக்கு 4 போட்டால் மதிப்பு என்ன என்று கேட்டிருக்கிறார்கள். 16-இல் 20 போய், 6 சேர்ந்தால் 2. ஒரு வரி வேலை. இவளோ அதை 0-க்குச் சமமாக்கி, காரணிப்படுத்தி, எக்ஸ் 2, 3 என்று அரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். மேலே சிவப்புக் கோடு. “எக்ஸைப் பாத்தாலே கண்டுபிடிக்கணும்னு கை போயிடுது தாத்தா” என்கிறாள். ஏன் தப்பு என்று வகுப்பில் கேட்டதற்கு, “அது வேற பாடம், இது வேற பாடம்” என்று பதில் வந்ததாம்.

சார்பும் சமன்பாடும் வேறு வேறாக எனக்குத் தெரியவில்லை. நான் பழைய எஸ்எஸ்எல்சி. வேலூர் – குடியாத்தம் தடத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். காட்பாடி, லத்தேரி, கே.வி.குப்பம் என்று ஸ்டேஜ் வாரியாகக் கட்டணப் பட்டியல் பையிலேயே இருக்கும். ஸ்டாப்பைச் சொன்னால் ஒரே ஒரு கட்டணம்தான் வரும். அந்தப் பட்டியல்தான் சார்பு. “எங்கிட்ட 15 ரூபாதாம்ப்பா இருக்கு, எதுவரைக்கும் போலாம்?” என்று ஒரு பாட்டி கேட்டால், அது சமன்பாடு. பட்டியல் அதேதான், கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டாப்பைத் தேட வேண்டும்.

பேத்தியின் கணக்கையும் அப்படியே வைத்துப் பார்த்தோம். எக்ஸ் ஸ்டாப், மதிப்பு கட்டணம். 4-ஆம் ஸ்டாப்புக்கு 2 ரூபாய். 0 ரூபாய்க்கு எந்த ஸ்டாப் என்றால் 2, 3. அவள் எழுதியது இதற்கான விடை. சரியான விடைதான், யாரும் கேட்காத கேள்விக்கு! மைனஸ் 1 ரூபாய்க்கு? எந்த எண்ணைப் போட்டாலும் வரவில்லை, பஸ் அங்கே நிற்காது.

அவள் புத்தகத்தில் வட்டம் ஒன்றும் இருந்தது. எக்ஸ் ஸ்கொயரும் ஒய் ஸ்கொயரும் சேர்ந்து 25. எக்ஸ் 3 என்றால் ஒய் 4 ஆகவும் இருக்கலாம், மைனஸ் 4 ஆகவும் இருக்கலாம். ஒரே ஸ்டாப்புக்கு இரண்டு கட்டணம் வாங்கினால் செக்கிங்கில் எங்களுக்கு மெமோ நிச்சயம். ஆகவே அது சமன்பாடு மட்டும்தான், சார்பு ஆகாது. வரைபடத்தில் நேர் குத்தாக ஒரு கோடு போட்டு, அது ஒரு இடத்துக்கு மேல் வெட்டுகிறதா என்று பார்க்கும் குத்துக்கோட்டுச் சோதனை என்று போட்டிருப்பது இந்தச் செக்கிங்தான்.

“டவுன் பஸ்ஸுல எங்களுக்கு எந்த ஸ்டாப்புக்கும் 0 தானே, அப்போ?” என்று மடக்கினாள். 2021-இல் வந்த மகளிர் இலவசப் பயணத்தைச் சொல்கிறாள். அதுவும் சார்புதான், எதைப் போட்டாலும் ஒரே மதிப்பு வரும் மாறிலிச் சார்பு. டிக்கெட்டின் கட்டணத்தை வைத்து எங்கே இறங்குவாள் என்று மட்டும் சொல்ல முடியாது.

பாடநூலில் சார்பு முதல் இயல், இருபடிச் சமன்பாடு 3-ஆம் இயல், நடுவே தொடர்வரிசைகள். அங்கே போவதற்குள் பிள்ளைகளுக்கு இது மறந்துவிடுகிறது. தாங்கள் தேர்வு நேரத்தில் வெளியிடும் மாதிரி வினாத்தாளிலாவது ஒரே சார்பைக் கொடுத்து, ‘எக்ஸ் 4 என்றால் மதிப்பு என்ன?’, ‘மதிப்பு 2 என்றால் எக்ஸ் என்ன?’ என்று அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். எக்ஸுக்கு 1 போட்டாலும் 2 தான் வரும்; ஆனால் இரண்டாவதற்கு 4 மட்டும் எழுதிவிட்டு 1-ஐ விட்டுவிடுவார்கள். என் பேத்தியும் விட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
விருதம்பட்டு, வேலூர்.