கழுத்தை விட்டு விலகாத காலர்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை.

அன்பு மச்சானுக்கு,

இவ்விடம் எல்லோரும் நலம். கிள்ளானில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதமும் கல்யாணப் படங்களும் வந்து சேர்ந்தன. மகள் கல்யாணத்தை நிறைவாக முடித்துவிட்டாய். முழங்கால் வலியால் என்னால் வர முடியாமல் போனது எனக்குப் பெரிய மனக்குறை. மணமக்களுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

உன் கோட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். தோளும் கையும் சரியாக இருக்கின்றன, பின்கழுத்தில் மட்டும் காலர் தனியாக நிற்கிறது, சட்டைக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் போகிறது, நல்ல விலை கொடுத்துத்தானே வாங்கினேன், ஏன் இப்படி என்று. படத்திலேயே அது தெரிகிறது. நீ குனிந்து ஆரத்தித் தட்டில் பணம் போடும் படத்தில் நன்றாகவே தெரிகிறது. ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. பொறுமையாகப் படி.

காரணம் இரண்டு இருக்கலாம். முதலாவது உன் உடம்பு. கடையில் தொங்கும் கோட்டு, நிமிர்ந்து நிற்கும் ஓர் உடம்பை நினைத்து வெட்டியது. உனக்கு மேல்முதுகு கொஞ்சம் வளைந்து, தலை முன்னால் வந்திருக்கிறது. நம் வயதில் பாதிப் பேருக்கு அப்படித்தான். வளைந்த முதுகைச் சுற்றி வரத் துணிக்குக் கூடுதல் நீளம் வேண்டும். பின்பக்கத்தில் அந்த நீளம் இல்லாவிட்டால் முதுகு துணியைக் கீழே இழுக்கும், காலர் கழுத்தை விட்டு விலகிவிடும். நெஞ்சை நிமிர்த்தி நடப்பவனுக்கு நேர்மாறாக நடக்கும். பின்னால் துணி மிஞ்சி, காலருக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு விழும். இரண்டையும் வெட்டும்போதே பார்த்திருக்க வேண்டும். கடைக்கோட்டில் அதற்கு வழியில்லை.

இரண்டாவது காரணம் அந்தக் காலரைச் செய்த விதம். எனக்கு இதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். அண்மையில் ஒரு கோட்டு முடித்துக் கொடுத்தேன், அந்த வேலை இன்னும் கைவிரலில் இருக்கிறது.

பழைய தோட்டத்தில் மேல் லயத்தில் இருந்த, ரப்பர் பால் வெட்டிய அம்மா ஒருவரை உனக்கு நினைவிருக்கும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கத் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய பேத்தி சட்டம் படித்து முடித்துவிட்டாள். ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவாகும் நாளுக்குக் கறுப்புக் கோட்டு வேண்டும் என்று பாட்டியே கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். கடையில் வாங்கினால் மலிவு என்று பேத்தி சொன்னாள். பாட்டி கேட்கவில்லை. கோட்டின் மேல் அங்கி வேறு போட வேண்டும் என்பதால் காலர் கழுத்தோடு ஒட்டி இருந்தால்தான் இரண்டும் ஒழுங்காக உட்காரும். நல்ல கம்பளித் துணியாக எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கோட்டுக் காலருக்கு இரண்டு பாகம். வெளியே தெரிவது மேல்காலர், கோட்டுத் துணியிலேயே வெட்டுவது. கண்ணுக்குத் தெரியாத அடிக்காலரில்தான் சூட்சுமம் எல்லாம். அது மெல்ட்டன் என்கிற கம்பளித் துணி. நன்றாக அடித்துக் கெட்டிப்படுத்தியது, வெட்டிய ஓரம் பிரியாது. ஓரத்தை மடிக்கத் தேவையில்லை என்பதால் காலர் தடிக்காது. அதை நேராக வெட்டக்கூடாது. கிராஸாக, அதாவது துணியின் இழைக்குக் கோணமாக, இரண்டு துண்டாக வெட்டிப் பின்கழுத்து நடுவில் இணைக்க வேண்டும். கிராஸில் இருக்கும் துணிதான் இழுத்தால் நீளும், அமுக்கினால் சுருங்கும். நேரில் வெட்டியது இரண்டுக்கும் மசியாது. உள்ளே வைக்கும் லினன் கேன்வாஸும் அதேபோல் கிராஸ்தான். கேன்வாஸை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் பிறகு ஈரம் படும்போது அது மட்டும் உள்ளே சுருங்கிக் காலரைக் கோணலாக்கிவிடும்.

அப்புறம் மடிப்பு எங்கே வர வேண்டும் என்று சாக்கால் வரைந்துகொள்வேன். மடிப்புக்குக் கீழே, கழுத்தோடு நிற்கிற பகுதி ஸ்டேண்ட். வெளியே கவிந்து விழுகிற பகுதி ஃபால். ஆண்கள் கோட்டில் பின்கழுத்தில் ஸ்டேண்ட் 1¼ அங்குலம் என்றால் ஃபால் 1¾ அங்குலம் வைப்பேன். அந்த அரை அங்குலம் கூடுதலாக இருந்தால்தான் காலரை ஏற்றிய மூட்டு மறையும். இந்தப் பெண்ணுக்குக் கழுத்து மெலிது, இரண்டையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் உண்மையான வேலை. கேன்வாஸையும் மெல்ட்டனையும் சேர்த்துப் பேட் தையல் போட வேண்டும். சின்னச் சின்னச் சாய்வுத் தையல்கள், வரிசை வரிசையாக. ஸ்டேண்டில் கால் அங்குலத்துக்கும் குறைவாக, நெருக்கி. ஃபாலில் சற்று அகலமாக. நூலைத் தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாது. குட்டை ஊசி. நடுவிரலில் ஊசி குத்தாமல் இருக்க அங்குஸ்தான் என்கிற விரலுறை. ஊசி கேன்வாஸைத் துளைத்து, அடியில் மெல்ட்டனின் ஒரு இழையை மட்டும் கவ்விக்கொண்டு திரும்ப வேண்டும். நூலை இறுக்கினால் மெல்ட்டனில் குழி விழும். தளர விட்டால் இரண்டு துணியும் தனித்தனியாக நழுவும்.

இதில் முக்கியமானது, தைக்கும்போது துணி மேசையில் தட்டையாகக் கிடக்கக்கூடாது. இடதுகை ஆள்காட்டி விரல்மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும். மெல்ட்டன் விரலை ஒட்டி, கேன்வாஸ் மேலே. நீ வாத்தியாராக இருந்தவன், கையில் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து வளைத்துப் பார். ஓரத்தில் தாள்கள் படிப்படியாக நகர்ந்து நிற்கும், வெளித்தாளுக்கு அதிகத் தூரம், உள்தாளுக்குக் குறைந்த தூரம். அப்படி வளைத்த நிலையிலேயே தாள்களை ஒன்றோடொன்று தைத்துவிட்டால் புத்தகம் மறுபடி நிமிருமா? காலரிலும் அதுதான் நடக்கிறது. வெளியே வரும் கேன்வாஸுக்கு ஒரு மயிரிழை நீளம் அதிகம் கிடைக்கிறது, உள்ளே வரும் மெல்ட்டனுக்கு அவ்வளவு குறைகிறது. ஒவ்வொரு தையலும் அந்த வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பூட்டிவைக்கிறது. முடித்துக் கீழே வைத்தால் காலர் தானாகவே சுருண்டுகொள்ளும், அதன் முனைகள் உள்பக்கம் திரும்பி நிற்கும். அந்த முனை எத்தனை வருஷம் ஆனாலும் மேலே தூக்காது.

அதன்பிறகு இஸ்திரி. ஈரத்துணி போட்டு, ஸ்டேண்டின் கீழ் ஓரத்தை இழுத்துத் தேய்க்க வேண்டும். ஃபாலின் வெளி ஓரத்தையும் தோளுக்கு மேல் வரும் இடத்தில் இழுத்துத் தேய்க்க வேண்டும். நடுவிலுள்ள மடிப்பை மட்டும் இழுக்கக்கூடாது, அது குட்டையாகவே இருக்க வேண்டும். கழுத்தைப் பிடிப்பது அதுதான். இரண்டு ஓரமும் நீண்டு, நடு குட்டையாக நின்றால், தட்டையாக வெட்டிய பட்டை வளைந்து எழுந்து கழுத்தின் வடிவத்துக்கு வரும். இதைக் கத்திரியால் கொண்டுவர முடியாது மச்சான். ஆவி அடங்கி, பலகை மேலேயே முழுசாக ஆறும்வரை அதைத் தொடவும் கூடாது. கம்பளி சூட்டிலும் ஈரத்திலும் இளகும், ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டுச் சூட்டோடு தூக்கினால் செய்ததெல்லாம் போச்சு. பாலியெஸ்டர் துணி இப்படிச் சுருங்கவும் நீளவும் இணங்காது. அதனால்தான் துணி எடுக்க வருகிறவர்களிடம் நான் இவ்வளவு மன்றாடுகிறேன்.

கழுத்து பார்க்கிற நாளில் தற்காலிகமாக ஓட்டுத் தையல் போட்ட கோட்டை அந்தப் பெண்ணுக்கு மாட்டி, அடிக்காலரைக் கையால் வைத்துப் பார்த்தேன். இடது தோள் கொஞ்சம் இறக்கம். புத்தகப்பை தூக்கிய தோளாக இருக்கலாம். அந்தப் பக்கம் கழுத்து வெட்டைச் சிறிது இறக்கினேன். அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், நீதிபதிக்கு வணக்கம் சொல்வதுபோல் தலையைக் குனிந்தாள். காலர் கூடவே போய்க் கூடவே வந்தது. பின்னால் சட்டைக் காலர் அரை அங்குலம் தெரிந்தது, அதுதான் கணக்கு. பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, பேத்தியின் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. "சரி, தைங்க" என்றார்.

மேல்காலரும், நெஞ்சில் வெளியே மடிந்து விழும் லேப்பலும் சேரும் அந்தச் சாய்வான மூட்டை என்னிடம் வேலை பழகும் பிள்ளைதான் தைத்தாள். அவளுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். அந்தக் காலத்துக் கித்தா, அதாவது ரப்பர் மரமெல்லாம் போய், இப்போது ரயில் பாதை ஓரம்வரை செம்பனைதான். லயங்களில் நம் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், வங்காளதேசத்துப் பையன்கள்தான் அதிகம். அவர்கள் கால்சட்டை நீளம் குறைக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். பள்ளிச் சீருடையும் ரவிக்கையும்தான் கடைக்குச் சோறு போடுகின்றன. கோட்டு எப்போதாவதுதான். இருந்தும் இந்தப் பிள்ளை கோட்டு வேலையைத்தான் கற்றுக்கொடுக்கச் சொல்கிறாள். அந்த மூட்டில், மடித்த ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு ஊசி ஏணிப்படி மாதிரி மாறி மாறிப் போக வேண்டும். பிறகு நூலை மெல்ல இழுத்தால் இரண்டு ஓரமும் சேர்ந்துகொள்ளும், தையல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அவள் இழுத்ததை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். இடதும் வலதும் ஒரே அளவு. நான் பழகிய காலத்தில் என் முதலாளி இப்படிப்பட்ட ஒரு வேலையைப் பார்த்திருந்தால் அன்றைக்கே சம்பளத்தைக் கூட்டியிருப்பார்.

இனி உன் கோட்டுக்கு வருவோம். கடைக்கோட்டில் பெரும்பாலும் பேட் தையல் இருக்காது. பசை தடவிய கேன்வாஸைச் சூட்டில் அமுக்கித் துணியோடு ஒட்டிவிடுவார்கள். தட்டையாக வைத்து ஒட்டுவதால் அதற்கு மடியத்தான் தெரியும், வளையத் தெரியாது. நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் வியர்வையிலும், அடிக்கடி போடும் ஆவி இஸ்திரியிலும் நாளாவட்டத்தில் பசை விட்டுக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒட்டுக் கேன்வாஸ் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல தரத்தில் செய்தது பல வருஷம் உழைக்கும், சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலைக்கும் வரும். லேப்பலுக்குப் பேட் தையல் போட மிஷினும் இருக்கிறது, அது போடும் தையல் நேர்த்தியாகவே இருக்கிறது. ஆனால் காலர் வேறு. அதற்கு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வளைவு வேண்டும், அந்த மனிதனுடைய கழுத்துக்கு வேண்டும். அதை விரல் மேல் வைத்துச் செய்வதற்கு ஈடான ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஒன்று செய். கோட்டை மாட்டிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு, எப்போதும் நிற்பதுபோலவே நில். படத்துக்காக நிமிராதே. பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று படம் எடுத்து அனுப்பச் சொல். பிறகு தங்கச்சி காலருக்குக் கீழே பின்துணியை இரண்டு விரலால் மெல்ல மேலே தூக்கிப் பிடிக்கட்டும். அப்போது காலர் கழுத்தில் வந்து ஒட்டினால் குறை பின்நீளத்தில். உள்ளே துணி விட்டிருந்தால் காலரைப் பிரித்துச் சரிசெய்யலாம். தூக்கியும் இடைவெளி அப்படியே இருந்தால் காலரே நீளம், நடுவில் பிரித்துக் குறைத்து மறுபடி ஏற்ற வேண்டும். எதுவானாலும் அங்கே யாரிடமும் கொடுத்துப் பிரித்துவிடாதே. இடிஎஸ் மின்சார ரயில் இங்கே நிற்கிறது, கேஎல் சென்ட்ரலில் ஏறினால் நேராக வந்து இறங்கலாம். நாம் படித்த மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கமும் ஒரு நடை போய் வரலாம்.

எனக்கு நீ ஒரு உதவி செய்ய வேண்டும். ஈப்போவில் நான் வாங்கிக்கொண்டிருந்த கடையில் இப்போது காலர் கேன்வாஸ் வருவதில்லை. கிள்ளானில் தெங்கு கிளானா சாலைப் பக்கம் துணிக்கடைகளுக்குப் போகும்போது, லினன் கேன்வாஸ் இருக்கிறதா என்று விசாரி. கிடைத்தால் இரண்டு மீட்டர் வாங்கி வா, காசைக் கையில் தந்துவிடுகிறேன். வாங்குமுன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். ஒரு பக்கத்தில் புள்ளி புள்ளியாகப் பசை மினுங்கினால் அது ஒட்டுக் கேன்வாஸ், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. பதில் எழுது.

உன் நண்பன்