மனிதர் படத்தை எடுக்கச் சொன்ன நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காட்சி நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் நடந்த பள்ளி அறிவியல் கண்காட்சியில், குரங்குகளின் வம்சாவளி பற்றிய படைப்புக்கு மதிப்பெண் கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதி அனுப்பினீர்கள். அந்தப் பத்தாம் வகுப்பு மாணவிக்கு ஒத்தாசை செய்தவன் நான். கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல் ஓட்டியே தலை நரைத்தவன். நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் படைப்பை மறுபடி பாருங்கள், மதிப்பெண் போடுங்கள். போட முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

காலையில் நடந்தது உங்களுக்கே தெரியும். உங்களில் ஒருவர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, “மனுஷன் படத்தை எடுத்துடும்மா, அப்புறம் வந்து பார்க்கிறேன்” என்றார். அவள் எடுக்கவில்லை. அவரும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்க்க உங்களில் யாரும் அங்கே இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு வேளை. பக்கத்து மேசைப் பிள்ளைகளெல்லாம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். பிளாஸ்டிக் டப்பாவில் அகர் அகர் காய்ச்சி ஊற்றி, மேலே சமையல் சோடா கரைத்த தண்ணீர் விட்டு, ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து, இரண்டு முனையிலும் ஸ்டீல் கம்பி வைத்திருந்தாள். கேசரிக்குப் போடுகிற பச்சைக் கலரை ஒரு குழியில் விட்டால் கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகப் பிரியும். மஞ்சள் முன்னே ஓடும், நீலம் பின்தங்கும். ஆய்வகத்தில் டிஎன்ஏ துண்டுகள் ஜெல்லில் எப்படிப் பிரிகின்றன என்று காட்ட ஒரு பள்ளிப் பிள்ளை இதைவிட என்ன செய்ய முடியும்? கலர் ஓடி முடிந்ததும் ஜெல்லை மாற்றுவாள், புதுசாக விடுவாள். “சார் வர்றப்ப ஓடிக்கிட்டு இருக்கணும்ல” என்றாள். சாப்பாட்டு டப்பாவைப் பிரிக்கவே இல்லை. சாயங்காலம் மேசையை மடிக்க ஆள் வந்த பிறகுதான் பேட்டரியைக் கழற்றினாள்.

சரி, படைப்புக்கு வருகிறேன். “இதெல்லாம் குப்பை டிஎன்ஏ, இதுல என்ன இருக்கு” என்று உங்களில் இன்னொருவர் சொன்னாராம். நம் டிஎன்ஏவில் புரதம் செய்யக் குறிப்பு வைத்திருக்கும் பகுதி நூற்றுக்கு இரண்டு பங்குகூடக் கிடையாது. மிச்சத்தைத்தான் குப்பை என்று சொல்லிவந்தார்கள். அவள் படைப்புக்கு ஆதாரமே அதில்தான் இருக்கிறது. ‘அலு’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே, ஏறக்குறைய 300 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள தொடர், அது மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாகச் சிதறி, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருக்கிறது. மனிதன், குரங்கு, தேவாங்கு என்று நம் கூட்டத்துக்குள் மட்டும்தான் அலு உண்டு. மாட்டிலும் எலியிலும் கிடையாது. அதன் நகல் ஒன்று உருவாகி, டிஎன்ஏவில் வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். ஒருமுறை செருகிக்கொண்டால் தடயமில்லாமல் விலகிப் போவது அநேகமாக நடக்காது. இரண்டு வேறு விலங்குகளில் தனித்தனியாக அதே இடத்தில் போய் உட்காருவதும் மிக அரிது. ஆகவே ஒரே இடத்தில் ஒரே அலு இரண்டு இனங்களில் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதையிடம் அது வந்து சேர்ந்தது என்றே அர்த்தம்.

சுவடி பதிப்பிக்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஒரே வரியை இரண்டு ஏடுகள் ஒரே மாதிரி பிழையாக எழுதியிருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று முடிவு கட்டுகிறார்கள். நம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கும் சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அந்த முறையை ஏட்டில் ஒப்புக்கொள்கிற நாம் குரங்கில் ஒப்புக்கொள்ள மாட்டோமா?

சோதிப்பதும் சுலபம். செருகிய இடத்துக்கு இரண்டு பக்கமும் பிரைமர் என்ற சின்ன டிஎன்ஏ துண்டை எல்லைக்கல் மாதிரி வைத்து, நடுவில் இருப்பதை மட்டும் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் ஓட்ட வேண்டும். அலு இல்லையென்றால் துண்டு சிறியது, ஜெல்லில் சரசரவென்று கீழே ஓடிவிடும். இருந்தால் 300 எழுத்து கூடுதல், மேலேயே தங்கிவிடும். ஜெல்லில் தெரியும் கோட்டைப் பேண்டு என்போம். பேண்டு மேலே, பேண்டு கீழே, அவ்வளவுதான். டார்சியர் என்று ஒரு முட்டைக்கண் பிராணி. பார்த்தால் தேவாங்குக்குப் பங்காளி போலிருக்கும். அது தேவாங்குப் பக்கமா, குரங்குப் பக்கமா என்று வெகுகாலம் வழக்கு நடந்தது. 2001இல் இந்தச் செருகல்களை வைத்துத்தான் அதைக் குரங்கும் மனிதனும் இருக்கும் கிளையில் சேர்த்தார்கள். சில சமயம் ஓர் இடம் மட்டும் மாறிச் சொல்லும். மூதாதைக் கூட்டத்திலேயே அலு உள்ளதும் இல்லாததும் கலந்து இருந்திருந்தால் அப்படி ஆகும். அதனால்தான் ஒரே இடத்தை நம்பாமல் பல இடங்களைப் பார்க்கிறார்கள். இதையும் அவள் சார்ட்டின் ஓரத்தில் எழுதியிருந்தாள். யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த மனிதர் படம். சார்ட்டில் இருந்தது ஆறு கட்டம்: தேவாங்கு, டார்சியர், தென் அமெரிக்கக் கப்புச்சின், செஞ்சிக் கோட்டையில் நம் பையைப் பிடுங்கும் நாட்டுக் குரங்கு, சிம்பன்சி, மனிதர். செஞ்சிக் குரங்கையும் கப்புச்சினையும் பக்கத்தில் வைத்தால், இரண்டும் வாலுள்ள குரங்குதானே என்று யாரும் ஒரே குடும்பத்தில் போட்டுவிடுவார்கள். ஆனால் செஞ்சிக் குரங்கு கப்புச்சினுக்கு உறவு என்பதைவிட நமக்குத்தான் நெருங்கிய உறவு. மனிதரில் இருக்கும் அலு செருகல்களில் பல நாட்டுக் குரங்கிலும் அதே இடத்தில் உண்டு, கப்புச்சினில் அந்த இடம் காலி. மனிதர் கட்டத்தை எடுத்துவிட்டால் இதைக் காட்டவே முடியாது. ‘மனிதன் குரங்கிலிருந்து வந்தான்’ என்று அவள் எங்கும் எழுதவில்லை. பொது மூதாதை என்று எழுதினாள். அதுதான் சரி.

பாடத்திட்டத்தில் இல்லை என்பது உங்கள் இன்னொரு பதில். உண்மைதான், இல்லை. சிபிஎஸ்இ பள்ளிகளுக்குப் புத்தகம் தயாரிக்கும் என்சிஇஆர்டி, 2023இல் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தது. எடுக்காதீர்கள் என்று 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்கிறார்கள். உயிரியல் எடுக்காத பிள்ளை என்ன செய்யும்? நம் அரசுப் பள்ளிகளோ சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. முள்ளோடையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று முழுப் பாடமே இருக்கிறது. சரக்குக்கு அங்கிருந்து இங்கே வருகிறார்கள், பரிணாமத்துக்கு இங்கிருந்து அங்கே போக வேண்டும் போலிருக்கிறது! எல்லைச் சாவடியில் அதற்கும் ஏதாவது வரி போட்டால் அரசுக்கு வருமானமாவது வரும்.

பாடத்திட்டத்தில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டுமென்றால் கண்காட்சி எதற்கு? வருஷா வருஷம் அதே சோடா உப்பு எரிமலை, அதே சிரிஞ்சு ஜேசிபி, கடையில் வாங்கி வந்து பெயர் ஒட்டிய ஸ்மார்ட் சிட்டி. அவற்றுக்கெல்லாம் ஷீல்டு கொடுத்தீர்கள். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் சந்தோஷப்படட்டும்.

எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அடுத்த கட்டப் போட்டிக்குப் பட்டியல் போவதற்குள் இந்தப் படைப்பை ஒருமுறை பாருங்கள். சார்ட்டும் டப்பாவும் அவள் பள்ளி ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நீங்கள் சொல்கிற இடத்துக்குக் கொண்டுவருகிறோம், பேட்டரி என் செலவு. அவளிடம் கேள்வி கேளுங்கள், கடினமாகவே கேளுங்கள். தப்பு இருந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள், நாங்கள் வாய் திறக்க மாட்டோம். பார்க்கவே முடியாது என்பதுதான் உங்கள் முடிவென்றால், ‘பொருந்தாது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எந்த விதிப்படி பொருந்தாது என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளி முகவரிக்கு அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக உதவியாளர்,
பாகூர்