கோஃபுவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா? அம்மாவின் முழங்கால் வலிக்கு மதுரை டாக்டர் என்ன சொன்னார் என்று தம்பி போனில் சரியாகச் சொல்லவில்லை. விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

டோக்கியோ வங்கியின் மென்பொருள் வேலை வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அங்கே சம்பளம் கூடுதல் என்பது எனக்கும் தெரியும். “விளையாட்டுச் சாமான் செய்கிற இடத்தில் இன்னும் எத்தனை நாள்?” என்று நீங்கள் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் கோபமாக இருந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கோஃபு பெரிய ஊர் அல்ல. நாலு பக்கமும் மலை, நடுவில் பள்ளம். கோடை வெயில் சிவகாசிக்குச் சளைத்தது இல்லை. வானம் தெளிந்த நாளில் தெற்கே மலைகளுக்கு மேல் ஃபூஜி மலையின் தலை மட்டும் தெரியும். திராட்சையும் பீச் பழமும் விளைகிற மாவட்டம் இது. டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம் வர வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில், எங்களுக்கு அடுத்த ஊரான காய் நகரத்தில், உலகமெங்கும் குழந்தைகள் விளையாடுகிற வீடியோ கேம்களைச் செய்யும் ஸ்டுடியோ ஒன்று இருக்கிறது. பெயர் ஹால் லேபரட்டரி. நான் அங்கே வேலை பார்க்கவில்லை. எங்களுடையது வீடியோ கேம் செய்கிற மிகச் சிறிய நிறுவனம். ஆனால் ஹாலின் கதையைக் கேட்டால் என் முடிவு உங்களுக்குப் புரியும்.

1980இல் டோக்கியோவில் அதைத் தொடங்கியவர்கள், ஒரு பல்பொருள் அங்காடியின் கணினிப் பிரிவில் கூடிப் பழகிய இளைஞர்கள். அவர்களோடு பகுதிநேரமாகச் சேர்ந்த மாணவர் சத்தோரு இவாத்தா, படிப்பு முடிந்ததும் வேறெங்கும் போகாமல் அங்கேயே வேலைக்கு அமர்ந்துவிட்டார். அவருடைய அப்பாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆறு மாதம் மகனோடு பேசவே இல்லை. அந்த அப்பா ஹொக்காய்தோவில் முரோரான் நகரத்து மேயராக இருந்தவர். இதைப் படித்த அன்று உங்களை வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1992இல் ஹால் கடனில் மூழ்கியது. கடன் 150 கோடி யென். கைகொடுக்க வந்த பெரிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி ஒரே நிபந்தனை வைத்தார்: இவாத்தாதான் தலைவராக வேண்டும். மறு வருடம், 33 வயதில், நிரல் எழுதிக்கொண்டிருந்தவர் கடன்பட்ட நிறுவனத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார். முதல் வேலையாகப் பணியாளர்களை ஒருவர் விடாமல் தனித்தனியே அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டார். கடன் முழுவதும் சுமார் ஆறு ஆண்டுகளில் அடைந்தது.

அதற்குத் தோள் கொடுத்தது ஹாலின் விளையாட்டு ஒன்றின் நாயகனான கர்பி என்கிற உருண்டைப் பயல். மசஹிரோ சகுராய் என்ற இளைஞர், சரியான உருவம் வரைந்து முடிக்கும்வரை இருக்கட்டும் என்று ஒரு பந்துக்குக் கண்ணும் வாயும் வைத்திருந்தார். பார்க்கப் பார்க்க எல்லோருக்கும் பிடித்துப்போய் அதையே நிலைநிறுத்திவிட்டார்கள். முதல் முறை விளையாடுகிற சிறு பிள்ளையும் கடைசிவரை போக வேண்டும் என்று நினைத்துச் செய்த விளையாட்டு அது. 50 லட்சத்துக்கும் மேல் விற்றது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ‘மதர் 2’. பல வருடம் இழுத்தும் முடியாமல் கிடந்த அந்த விளையாட்டைக் காப்பாற்ற இவாத்தாவை அழைத்தார்கள். இருப்பதைத் திருத்தினால் இரண்டு வருடம் ஆகும், முதலிலிருந்து செய்தால் அரை வருடம் போதும், எது வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். முதலிலிருந்தே செய்யச் சொன்னார்கள். அவர் தான் ஒருவனாக எல்லாவற்றையும் எழுதித் தள்ளவில்லை. முதலில் கருவிகளைச் செய்து கொடுத்தார்: கதை எழுதுகிறவர், வரைபடம் அமைக்கிறவர் எல்லோரும் நிரலாளருக்காகக் காத்திராமல் தங்கள் வேலையைத் தாங்களே செய்து பார்க்கும்படியான கருவிகள். தேங்கிக் கிடந்த வேலை ஓடத் தொடங்கியது. 1994இல் விளையாட்டு வெளிவந்தது.

அப்பா, நான் இங்கே செய்வதும் அந்தக் கருவி வேலைதான். எங்கள் ஓவியர் மரத்தை ஒரு அடி தள்ளி வைத்தால் அடுத்த நொடியே அது திரையில் தெரிய வேண்டும். அதற்கான நிரலை நான் எழுதுகிறேன். நீங்கள் அச்சகத்தில் கோத்துக் கொடுத்த எழுத்து புத்தகத்தில் நிற்கும், உங்கள் பெயர் நிற்காது. என் வேலையும் அப்படித்தான். ஆனால் என் கருவி நின்றால் பக்கத்து மேசையில் ஐந்து பேரின் கை நிற்கும். வங்கியில் என் நிரலை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் போகும். இங்கே அவர்களோடுதான் மதியம் சாப்பிடுகிறேன். பூசணிக்காய் போட்டுக் கொதிக்கவைத்த ஹோதோ நூடுல்ஸ் குளிர்காலத்தில் நன்றாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், நான் பட்டினி இல்லை.

இவாத்தா 2000இல் நின்டெண்டோவுக்குப் போனார். பெரிய பதவியில் இருந்தபோதே, ஹாலின் ஒரு விளையாட்டு குறித்த தேதிக்கு முடியாது என்று தெரிந்ததும் காய் நகரத்துக்கு வந்து மூன்று வாரம் உட்கார்ந்து பிழை தேடினார். 2002இல் நின்டெண்டோவின் தலைவரானார். 2014இல் விற்பனை சரிந்தபோது தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். அடுத்த வருடம் ஜூலையில் நோயால் காலமானார். வயது 55தான். இந்தத் தொழிலில் எல்லா முதலாளிகளும் அப்படி இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வெளியீட்டுத் தேதி நெருங்கினால் இரவு வெகுநேரம் ஆகிறது, அதுவும் உண்மை. என்றாலும் வேலை தெரிந்தவர் சொல்லுக்கு இங்கே மதிப்பு இருக்கிறது. என் கண்ணால் பார்க்கிறேன்.

தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு இந்த மாதமே பணம் அனுப்புகிறேன். அதில் குறை வராது. தீபாவளிக்கு விடுமுறை கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் டிக்கெட் போட்டுவிடுவேன்.

அந்த மேயரைப் போல ஆறு மாதம் பேசாமல் இருந்துவிடாதீர்கள் அப்பா. ஞாயிறு காலை உங்களுக்கு எட்டு மணி என்றால் எனக்குப் பதினொன்றரை. அந்த நேரத்தில் கூப்பிடுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.

உங்கள் அன்பு மகள்