செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் ஐயாவுக்கும் வந்திருக்கும் 11 உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது மீன்பிடிச் சங்கத்தின் பதிவேட்டில் 38 பேர் இருக்கிறோம்.

பெப்ரவரிப் பனிக்காலப் பயணம் நடக்கவில்லை. நாம் மீன்பிடிக்கிற ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் ஐஸ் நம்பி நடக்கிற அளவுக்குப் பிடிக்கவில்லை. லைசன்ஸ் தேவைப்படாத குடும்ப மீன்பிடி வாரத்தில் பிள்ளைகளுக்குத் தூண்டில் கட்டப் பழக்கினோம். மே மாதக் கரைத் துப்புரவுக்கு 4 பேர் வந்தார்கள். ஓகஸ்ட் கூழுக்கு 61 பேர். கூழுக்குப் போட்ட மீன் ஸ்காபரோக் கடையில் வாங்கியது என்பதையும் பதிவு செய்கிறேன்.

அடுத்தது, வெப்பமானி. சங்கக் காசில் 40 டொலருக்கு வாங்கியது வீண்செலவு, கையை விட்டுப் பார்த்தால் தண்ணீர் குளிரா சூடா என்று தெரியாதா என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அன்று நேரமில்லை. இன்று பதில் சொல்கிறேன்: மீன் எப்போது எங்கே நிற்கும் என்பது தண்ணீரின் பாகைக் கணக்கில் இருக்கிறது, கைக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

மே மாதம் தண்ணீர் 15 பாகை செல்சியஸைத் தொடும்போது ஸ்மோல்மவுத் பாஸ் என்கிற மீனில் ஆண் சரளைக்கல்லை வாலால் ஒதுக்கிக் கூடு கட்டும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், காவல் முழுக்க ஆண்தான். அந்த ஆணைத் தூக்கிப் படமெடுக்கிற நேரத்துக்குள் கோபி என்கிற சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டையைத் தின்னத் தொடங்கிவிடும். “பிடித்துவிட்டுத் திருப்பி விட்டால் என்ன?” என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். ஜூன் பின்பாதிவரை பாஸ் பிடிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை.

ஜூலையில் கொப்பியில் 23, 24 பாகை என்று எழுதியிருக்கிறேன். ஜூனில் கரைப்பாறையில் நின்ற மீன் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. நம்மவர்கள் அதே பாறையில் பகல் முழுக்க வீசிவிட்டு, ஏரியில் மீனே இல்லை என்று வீட்டுக்குப் போனார்கள். அதே ஏரியின் குக்ஸ் குடாவில், பாசிக்குள் விடியற்காலையில் பாஸின் இன்னொரு இனமான லார்ஜ்மவுத் பட்டது. விடிய எழும்பியவர்கள் 2 பேர்.

நவம்பரில் தண்ணீர் 8 பாகை. வள்ளத்தில் நானும் பொருளாளரும் மட்டும். முப்பதடி ஆழம், ஈயம் அடியில், கொக்கி ஓரடி மேலே. தடியின் வளையங்களில் ஐஸ் பிடித்துத் தங்கூசி ஓட மறுத்தது. ஒவ்வொரு முறையும் வாயால் ஊதி ஐஸை இளக்கிக்கொண்டிருந்தோம். பிறகு ஒன்று இழுத்தது. தராசில் ஐந்து இறாத்தலுக்கு மேல், வயிறு பந்து மாதிரி. வாயைத் திறந்து பார்த்தால் தொண்டைக்குள் ஒரு கோபியின் வால் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல் தண்ணீரோடு இந்த நாட்டுக்கு வந்த அழையா விருந்தாளி இப்போது சிம்கோ பாஸைக் கொழுக்க வைக்கிறது. (அதையே உயிரிரையாகக் கொளுவலாமா என்று கேட்கவேண்டாம். சட்டப்படி குற்றம்.) மீனைத் திருப்பி விட்டோம். படத்தில் என் விரல் மறைத்துவிட்டது, நம்பாதவர்கள் பொருளாளரைக் கேட்கலாம்.

இன்னொன்று. மீன்பிடி லைசன்ஸ் இரண்டு வகை: ஸ்போர்ட் லைசன்ஸில் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது 6 பாஸ், கொன்சர்வேஷன் லைசன்ஸில் 2. வீட்டில் நித்திரையாக இருக்கும் மனைவியின் பங்கையும் சேர்த்து எண்ணலாம் என்று எங்கும் எழுதியில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சமன், சிறு தொகை கையிருப்பில் உண்டு. விபரம் பொருளாளரிடம். சந்தா 25 டொலர், கட்டியவர்கள் 17 பேர். ஒருவர் மீன் படாத வருசத்துக்கு ஏன் கட்டவேண்டும் என்றார். அவர் வள்ளத்தில் ஏறவே இல்லை.

வள்ளம் தந்த அண்ணைக்கும், கூழ் காய்ச்சிய அக்காமாருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த வருசம் என் முழங்கால் எவ்வளவு ஒத்துழைக்கும் என்று தெரியாது. இளம் ஆட்கள் யாராவது முன்வந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். யாரும் வராவிட்டால் என்ன செய்வது, பார்ப்போம். வெப்பமானியும் கொப்பியும் தேநீர் மேசையில் இருக்கின்றன. பற்றரி புதிது. கொப்பியில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள்.

— செயலாளர்