தீ வைப்பதற்கு முன்னால்

அன்புள்ள அம்மிணிக்கு,

ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கிய ‘ஃபாரன்ஹீட் 451’ஐ முடித்துவிட்டு, “எந்த அரசாங்கம் பெரியப்பா இப்படியொரு சட்டம் போடும்?” என்று கேட்டிருந்தாய். ரே பிராட்பரி 1953இல் எழுதியது; தீயணைப்பு வீரர்களே வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களைக் கொளுத்தும் கதை. உடம்பு சரியில்லையென்று படுத்திருக்கும் கதாநாயகன் மோன்டாகிடம் அவனுடைய மேலதிகாரி கேப்டன் பீட்டி வந்து பேசுகிறானே, அந்தப் பக்கங்களை இன்னொரு தடவை படி. அங்கே சட்டம் முதலில் வரவில்லை. பெரிய நூல்களைக் கால் மணி நேர வானொலி நிகழ்ச்சியாகச் சுருக்கினார்கள். அப்புறம் இரண்டு நிமிடத்தில் படித்து முடிக்கிற பத்தி. ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் ஏதோவொரு வரி உறுத்தியது. எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார்கள். மண்ணெண்ணெய் கடைசியில்தான் வந்தது.

ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலில் எல்லாம் மேலிருந்து நடக்கும். பழைய செய்தித்தாளைத் திருத்தி எழுதிவிட்டு அசலை எரித்துவிடுவார்கள். அதுவும் கொடுமைதான், ஆனால் செய்வது யாரென்று பளிச்சென்று தெரியும். நம் ஊருக்கு நெருக்கமானவர் பிராட்பரி என்பேன்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. குழந்தையில்லாத காளி, பொன்னாவின் கதை. திருச்செங்கோட்டு மலையும் வைகாசித் தேர்நோம்பியும் அதில் இருக்கின்றன. நான்கு வருடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில், ஊரையும் கோயிலையும் இழிவுபடுத்துகிறது என்று சொல்லி, அதே திருச்செங்கோட்டில் அதைக் கொளுத்தினார்கள். எந்தச் சட்டமும் கொளுத்தச் சொல்லவில்லை. சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊருக்குள் விட்டதே போதுமானதாக இருந்தது. ஜனவரியில் கடையடைப்பு.

எனக்கு அந்தத் தீயைவிட அடுத்து நடந்ததுதான் பெரிய பயம். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில், அதிகாரிகள் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதி, எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். எந்த நாவலாசிரியரும் இப்படியொரு அறையைக் கற்பனை செய்ததாக நான் படித்ததில்லை: நாற்காலிகள், மேசை, தாள், சட்டம் ஒழுங்கு என்ற ஒரே வார்த்தை. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. அவர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் சொல்லித் தீர்ப்பை முடித்தது. ஒன்றரை வருடம் போயிருந்தது.

பிராட்பரி நாவலின் முடிவில் ஆளுக்கொரு நூலை மனப்பாடமாகச் சுமந்து திரிகிறார்களே, அது உனக்கு நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருந்தாய். நம் கொங்குப் பக்கத்தில் பொன்னர்-சங்கர் பாட்டான அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டுக்காரர்கள் ராத்திரி ராத்திரியாக, ஏடு பார்க்காமல் பாடியிருக்கிறார்கள். 1965இல் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கம் வந்து அதை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். அதனால் அந்தப் பகுதியை நான் முழுசாக நம்புகிறேன், கண்ணு.

‘மாதொருபாக’னை இந்த வாரம் அனுப்புகிறேன். யாரோ கோடு போட்டுக் கொடுத்த பக்கத்தை மட்டும் புரட்டாமல் முதல் வரியிலிருந்து படி. பிடிக்காமல் போனால் ஏன் பிடிக்கவில்லை என்று நாலு பக்கத்துக்குக் குறையாமல் எழுது.

அன்புடன்,
பெரியப்பா