ராஜினாமாவுக்குப் பின் ஏழாவது மாதம்

அன்புள்ள நண்பா,

எட்டு மாதங்களாக உனக்கு எழுதாததற்கு வேலைப்பளுவைக் காரணமாகச் சொன்னால், நீ இந்தக் கடிதத்தை இந்த வரியோடு மடித்து வைத்துவிடுவாய். ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பயம்தான் காரணம். 19 ஆண்டுகளுக்கு முன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அலுவலக வேலைக்கான அந்தத் தேர்வுக்கு விண்ணப்பம் போட வைத்தவன் நீ. அந்த வேலையை நான் விட்டு 7 மாதங்கள் ஆகின்றன. 44 வயதில், கார்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் பயிற்சி மெக்கானிக்காகச் சேர்ந்திருக்கிறேன்.

கத்தி முடித்துவிட்டாயா? சரி, உட்கார். இங்கே எல்லோரும் நலம். உன் தாயாரின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக நம் 'ஜெனரேட்டர்' சொன்னான். சொன்னவன் அவன் என்பதால் பாதியைத்தான் நம்பியிருக்கிறேன், மீதியை நீ எழுது.

பழைய வேலையைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். சம்பளம் நாள் தவறாமல் வந்தது, யாரும் என்னைக் கடிந்து பேசியதில்லை, ஓய்வுபெறும் தேதிகூட நியமன உத்தரவு வந்த அன்றே எனக்குத் தெரிந்திருந்தது. என் மேசைக்கு வந்த கோப்புகளில் பெரும்பகுதி அலுவலக வாகனங்களின் பழுதுச் செலவுப் பட்டியல்கள். 'கிளட்ச் பிளேட் மாற்றப்பட்டது', 'ரேடியேட்டர் சீரமைக்கப்பட்டது' என்ற வரிகளைப் படித்து, விலையை ஒப்பந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, 18 ஆண்டுகள் கையெழுத்திட்டேன். ஒரு நாள் மாடிப்படியின் கீழ் வட்டமான, தேய்ந்துபோன ஓர் இரும்புச் சாமான் கிடந்தது. அது என்னவென்று காவலாளியிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிளட்ச் பிளேட் என்றார். எத்தனையோ கிளட்ச் பிளேட்டுகளுக்குப் பணம் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒன்றையாவது அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை.

அன்றிரவே ராஜினாமாக் கடிதம் எழுதினேன் என்று முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு 3 ஆண்டுகள் பிடித்தன. உன்னிடம் 'யோகா வகுப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த மாலை நேரங்களில் 2 ஆண்டுகள் வாகனத் தொழில்நுட்பம் படித்தேன். வீட்டுக் கடனை அடைத்தேன். ஓராண்டுக் குடும்பச் செலவைத் தனியாக எடுத்து வைத்தேன். அலுவலகக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால் மருத்துவக் காப்பீட்டை முன்கூட்டியே எங்கள் பெயரில் எடுத்தேன். இவை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட என் மனைவி விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: 18 மாதங்களுக்குள் ஒரு வண்டியைத் தனியாகப் பார்த்து முடிக்கும் நிலைக்கு வராவிட்டால், முணுமுணுக்காமல் ஏதாவது கணக்கு எழுதும் வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கையெழுத்திடுவது எனக்குப் பழகிய வேலைதானே.

"பெரிய ஹென்றி ஃபோர்டு என்று நினைப்பு" என்று நீ சொல்வது என் காதில் விழுகிறது. அதனால் அவர் கதையை நான் முன்பே படித்து வைத்துவிட்டேன். டெட்ராய்ட்டில் எடிசன் மின்விளக்கு நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தவர், 1899இல், தம் 36ஆவது வயதில் அந்த வேலையை விட்டார். மேடைப் பேச்சாளர்கள் அங்கிருந்து ஒரே தாவலில் 1903க்குப் போய், ஃபோர்டு மோட்டார் நிறுவனம் தொடங்கியதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுகிறார்கள். நடுவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. அவர் முதலில் இறங்கிய கார் நிறுவனம் 1901இல் கலைக்கப்பட்டது. அடுத்து அவர் பெயரிலேயே தொடங்கப்பட்ட நிறுவனத்திலிருந்து 1902இல் அவரே வெளியேறினார். அவர் போன பிறகு அதுதான் காடிலாக் என்ற கார் நிறுவனம் ஆனது. இரவில் தூக்கம் வராதபோது நான் நினைத்துக்கொள்வது அந்த 1901ஐயும் 1902ஐயும்தான். இந்தக் காடிலாக்கை நினைவில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். போன மாதம் ஒரு பெட்ரோல் கார், டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தபடி வந்தது. ஸ்கேனரை மாட்டினேன். பி0171 என்ற பழுதுக் குறியீடு வந்தது. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அதைவிடக் காற்று மிகுந்துவிட்டது, கலவை நீர்த்துப்போயிற்று என்பதுதான் அந்தக் குறியீட்டின் பொருள். புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி இதைக் கண்டுகொள்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சென்சார் பழுது என்று எழுதி, புதிய சென்சாரைப் பொருத்தி, குறியீட்டை அழித்து, வண்டியை அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் அதே விளக்கோடு அதே கார் வந்து நின்றது. அதன் உரிமையாளர் பேசியதை இங்கே எழுத வேண்டாம்; நம் கணித ஆசிரியர் உன்னைத் திட்டியதில் முக்கால் பங்கு இருக்கும்.

எங்கள் தலைமை மெக்கானிக்குக்கு 29 வயது. அவர் கோபிக்கவில்லை. கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்பதை ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஒரு முறையும், நிமிடத்துக்கு 2500 சுற்று வேகத்தில் ஒரு முறையும் பார்க்கச் சொன்னார். ஐட்லிங்கில் 22 விழுக்காடு. வேகத்தைக் கூட்டியதும் 5 விழுக்காடு. நான் விழித்தேன், அவர் விளக்கினார். எங்கோ ஒரு விரிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. வேகம் கூடும்போது உள்ளே போகும் காற்றும் பெருகுவதால் அதே திருட்டு சிறிதாகிவிடுகிறது. பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும். காற்றுப் பாதைக்குள் புகையைச் செலுத்திப் பார்த்தோம். ரப்பர் ஹோஸின் வளைவில், அடிப்பக்கத்தில், நகக்கண் அளவு விரிசலிலிருந்து நூல்போலப் புகை எழுந்தது. சென்சார் பாவம், உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தது. புகார் கொடுத்தவனையே பிடித்து நான் சிறையில் போட்டுவிட்டேன்.

சென்சாரின் விலையை நானே கொடுத்தேன். அது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறு. எழுதியிருந்த வரியைப் படித்தேன், நம்பினேன், வேலையை முடித்தேன். 18 ஆண்டுகள் பட்டியல்களில் கையெழுத்திட்ட அதே ஆள், கிரீஸ் படிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு அதையேதான் செய்திருக்கிறான். வேலையை விட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன், அந்த வேலை என்னை விடவில்லை.

அந்தப் பட்டறையில் சேர்ந்த நாள் முதல் தலைமை மெக்கானிக் என்னை 'சார்' என்றுதான் அழைத்துவந்தார். ஒவ்வொரு 'சார்'க்கும் நான் வாசலுக்கு வெளியே நிற்பதுபோல இருக்கும். அன்று மாலை கை கழுவிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, அந்த ஹோஸைத் தூக்கிப் போட்டுடாதீங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்து வந்தேன். என் புத்தக அலமாரியில் இருக்கிறது. ரப்பர் நாற்றம் அடிக்கிறது என்று வீட்டில் தினமும் புகார்.

இப்போது உன்னிடம் மட்டும் சொல்லும் கவலை ஒன்று. நான் 2 ஆண்டுகள் மாலை மாலையாக உட்கார்ந்து படித்தது வால்வையும், டைமிங் பெல்டையும், ஸ்பார்க் பிளக்கையும். எங்கள் பட்டறைக்கு இப்போது வரத் தொடங்கியிருக்கும் மின்சாரக் கார்களில் இவற்றில் ஒன்றும் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தி முடியும் நேரத்தில் இலை போட்டு உட்கார்ந்தவன்போல ஆகிவிட்டேனோ என்று தோன்றுகிறது. வேடிக்கை என்னவென்றால், 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே பயம் எதிர்ப்பக்கத்தில் இருந்திருக்கும். அப்போது அமெரிக்க நகரங்களில் மின்சாரக் கார்கள் நிறையவே ஓடின. பெட்ரோல் காரை முறுக்குக் கம்பியைக் கையால் சுழற்றிக் கிளப்ப வேண்டியிருந்தது, கம்பி திரும்பி அடித்துக் கை எலும்பு முறிந்தவர்களும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக்கில் வந்தது. ஃபோர்டு விட்டுப்போன அதே நிறுவனம்தான். மின்சாரக் காரின் கதையை அன்று முடித்து வைத்தவற்றுள் ஒன்று ஒரு சின்ன மின்மோட்டார்! ஃபோர்டு மின்சார வேலையை விட்டுப் பெட்ரோலுக்குப் போனார். நான் பெட்ரோலைப் படித்துவிட்டு மின்சாரத்தின் வாசலில் நிற்கிறேன்.

பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், டயர், ஏசி எல்லாம் எந்தக் காரிலும் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மின்சாரக் காரில் வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு மோட்டாருடையது என்பதால், பிரேக் டிஸ்க் தேய்வதற்குப் பதிலாகத் துருப்பிடித்து வருகிறது. அதற்கும் ஆள் வேண்டும். உயர் மின்னழுத்தப் பயிற்சிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் 400 வோல்ட், சில கார்களில் 800. இணைப்பைத் துண்டித்து, மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் வடியும்வரை காத்திருந்து, மீட்டரில் சுழியம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஒவ்வொரு படி முடிந்ததும் கையெழுத்து! அதைப் பார்த்ததும், வெளியூரில் சொந்தக்காரனைக் கண்டதுபோல இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. டாஷ்போர்டு அவ்வப்போது அணைந்து அணைந்து எரியும் கார் ஒன்றை, 'அண்ணே பாருங்க' என்று தலைமை மெக்கானிக் என்னிடம் விட்டார். காரிலுள்ள கணினிகள் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பிக்கு இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு நடுவில் அளந்தால், இரு தடைகளும் இணையாக இருப்பதால், 60 வர வேண்டும். 120 வந்தது. அப்படியானால் ஒரு முனை கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கிறது. வயரிங் வரைபடத்தை விரித்து, பேரேட்டில் விட்டுப்போன பதிவைத் தேடுவதுபோல ஒவ்வொரு கனெக்டராகத் திறந்து பார்த்தேன். இந்த முறை எதையும் படித்ததோடு நம்பவில்லை. நான்காவது கனெக்டரில் பச்சை பூத்த இணைப்பு முள் ஒன்று கிடைத்தது. ஒரு காரை வைத்து 18 மாத நிபந்தனையை வென்றுவிட்டதாகச் சொல்லவில்லை. முழங்கால் வலிக்கிறது, நகக்கண்ணில் கறுப்பு போவதில்லை, சம்பளம் பழையதில் பாதியைத் தொடவில்லை. மின்சாரக் கார்க் கவலையும் அப்படியே இருக்கிறது.

போன வாரம் மகள் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்போது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். மெக்கானிக் என்றேன். தலையை நிமிர்த்தாமல் எழுதினாள். அவள் முகத்தைப் பார்க்க முயன்றேன், முடி மறைத்துவிட்டது.

சரி, உன் கார் எப்படி இருக்கிறது? அதில் 2 ஆண்டுகளாக எரியும் மஞ்சள் விளக்கின் மேல் நீ ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருப்பதாக 'ஜெனரேட்டர்' சொன்னான். இதை மட்டும் முழுமையாக நம்புகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வா, திட்டவும் செய்யலாம். வருவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி மாட்டி விளக்கை அணைத்துவிடாதே. பல கார்களில் குறியீடும், பழுது தோன்றிய நேரத்தில் இன்ஜின் இருந்த நிலையும் அதோடு அழிந்துவிடும். ஸ்டிக்கரையும் நீ உரிக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குப் பயந்தபடியே காத்திருக்கும்,
உன் பழைய 'ஆடிட்டர்'